மருந்து வைத்தவள்

மாடத்தி மருந்து வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் அவளை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துவிடுவார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. வெடிக்குள் போகிற பொடிக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர். கலப்பது, சலிப்பது, உருட்டுவது, குழாயில் அடைப்பது எல்லாமே மருந்து வேலை. ஒரு பொறி பட்டால் ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுகிற சாமானுக்கு இப்படி ஒரு பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியவில்லை. அவன் மட்டும் வேறு பெயர் வைத்துத் தொலைத்திருந்தால் மாடத்தி வீட்டில் நடந்ததில் பாதி நடந்திருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

மாடத்தியின் அப்பனும் ஆத்தாளும் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும் கொத்தமல்லி பிடுங்கியும் பிழைத்தவர்கள். மழை கைவிட்டதும் காடு கைவிட்டது. மாடத்தி பாவாடை கட்டிய வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். அங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் என்பது அவளுக்கு வேனில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற மஞ்சள் கட்டடம், அவ்வளவுதான். முனியராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தீப்பெட்டியிலிருந்து வெடி ஆபீசுக்கு மாறினாள். முனியராஜ் சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். பெரும்பாலும் ராத்திரி வேலை, பகல் முழுக்கத் தூக்கம். நல்ல மனுஷன், ஆனால் எந்த விஷயத்திலும் பெண்டாட்டி சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு ஒரு அபிப்பிராயம் இருப்பதாகக் கண்டுபிடிப்பான்.

வானத்தில் போய்ப் பூவாக விரிந்த பிறகு படபடவென்று பொரிகிற வெடி ஒன்று உண்டு. அந்தப் பொரிவுக்கான சின்னச் சின்ன உருண்டைகளைப் பிடிப்பது மாடத்தியின் வேலை. அதில் ஒரு சிவப்புப் பொடி சேரும். போர்மேன் சங்கரலிங்கம் அதைச் 'சிவப்பு' என்பான். மூட்டையில் இங்கிலீஷில் என்னவோ எழுதி மண்டையோடு படம் போட்டிருந்தது. எல்லா மூட்டையிலும் மண்டையோடு இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த ஆபீசில் இருந்தவர்களுக்குப் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு டப்பாவைக்கூடச் சத்தம் வராமல் தரையில் வைப்பார்கள். இருந்த பயம் முழுவதையும் தீயே வாங்கிக்கொண்டது, தூசிக்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

அவளுக்கு ஒரே மகள். சினிமாப் பேராக வைக்க வேண்டும் என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முனியராஜ் ஒற்றைக்காலில் நின்று சினேகா என்று வைத்தான். அந்தப் பிள்ளையைப் பகலில் வளர்த்தது மூக்கம்மாள். முனியராஜின் அண்ணன் பெண்டாட்டி, மாடத்திக்கு ஓரகத்தி. புருஷன் பாலகுரு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வெடி ஆபீஸ் பக்கமே எட்டிப்பார்க்காமல் ஆடு மேய்த்துக்கொண்டு ஊரோடு இருந்தவள் அவள். பிள்ளைப் பேறு இல்லை. சினேகா தவழ்ந்த நாளிலிருந்து மூக்கம்மாள் வீட்டில்தான் கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை, ஆட்டுப்பால், மத்தியானக் குளியல், தூக்கம் எல்லாம்.

சாயங்காலம் மட்டும் மாடத்தியுடையது. ஆபீஸ் வாசலில் உள்ள டீக்கடையில் காராச்சேவு வாங்கி, முந்தியில் முடிந்துகொண்டு வேனில் ஏறுவாள். வேன் வந்து நிற்பதற்குள் சினேகா ஓடி வந்துவிடும். இடுப்பில் ஏறி உட்கார்ந்து தானே முடிச்சை அவிழ்த்துத் தின்னும். தின்று முடித்த பிறகு சேலை நுனியில் ஒட்டிய காரத்தையும் விடாது, வாயில் வைத்துச் சப்பும். அம்மா சேலை ருசி அதற்குப் பழகிப்போயிற்று. நாள் முழுக்க உருண்டை பிடித்து மரத்துப்போன மாடத்திக்கு அந்தச் சப்புகிற சத்தம் ஒன்றே போதும். அதற்காகவே வேலைக்குப் போய் வருகிறவள்போலத்தான் இருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு சினேகாவுக்கு வயிற்று வலி வந்தது. சுருட்டிக்கொண்டு படுத்துவிடும். வெளிக்குப் போகாமல் முக்கி முக்கி அழும். முகம் வெளுத்து, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தது. நாலு வயதுப் பிள்ளை, ஊர்க்கதை பூராவும் பேசிக்கொண்டிருந்தது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையாக ஆயிற்று. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள், கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். எதற்கும் அசையவில்லை.

இதற்கிடையில் மாடத்தி மனதில் வேறொரு முள் தைத்திருந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பிள்ளை மூக்கம்மாளை 'அம்மா' என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டாள். தூக்கத்தில் யார் யாரைத்தான் என்னதான் சொல்ல மாட்டார்கள் என்று அவள் தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை.

வேனில் பக்கத்துச் சீட்டில் உட்காருகிற வள்ளித்தாய்தான் முதலில் பேச்சை எடுத்தவள். பிள்ளை பகலெல்லாம் யார் கையால் சாப்பிடுகிறது என்று கேட்டாள். மாடத்தி சொன்னதும் வள்ளித்தாய் ஒன்றும் சொல்லாமல் வெளியே வேடிக்கை பார்த்தாள். அப்படி வேடிக்கை பார்ப்பது நாலு வார்த்தை சொல்வதைவிட மோசம். இறங்கும்போது மட்டும், பிள்ளையில்லாதவள் அடுத்தவள் பிள்ளை தன்னோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று மருந்து வைப்பது உண்டு, தன் பெரியப்பன் மகளுக்கே நடந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மருந்து வைப்பது என்றால் வேறு. சோற்றிலோ பண்டத்திலோ மயிரும் சாம்பலும் என்னென்னவோ கலந்து ஆசையாக ஊட்டிவிடுவது. தின்றவர்கள் வைத்தவர்கள் பின்னாலேயே சுற்றுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு உடம்பை உருக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதை எடுக்கவும் ஆள் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு அம்மாள் இருந்தாள். மாடத்தி லீவு போட்டு, முனியராஜைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த அம்மாள் ஒரு பச்சிலையைக் கசக்கிச் சினேகாவின் உள்ளங்கையில் சாறு பிழிந்தாள். சாறு கெட்டியானது. மருந்து இருக்கிறது என்றாள். பிறகு என்னத்தையோ குடிக்கக் கொடுத்து, வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, ஒரு சிரட்டையில் துப்பினாள். கறுப்பாக, மயிரோடு ஒரு உருண்டை. யார் வைத்தது என்று அவள் சொல்லவில்லை, நெருங்கிய சொந்தம், சோறு போடுகிற கை என்று மட்டும் சொன்னாள். கெட்டிக்காரி, பேர் சொல்லுகிற வேலையை எப்போதும் வந்தவர்களிடமே விட்டுவிடுவாள். பிள்ளை குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துவிட்டு அசந்து தூங்கியது. அந்தத் தூக்கத்தைக் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே தெருக் குழாயடியில், ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்கையில், மாடத்தி மூக்கம்மாளை மறித்தாள். அதுநாள் வரைக்கும் வாங்க, போங்க, சாப்பிட்டீகளா என்று பேசியவள் முதல்முறையாக நீ என்றாள்.

"எம் பிள்ளைக்கு நீ என்னத்த வச்ச? கறுப்பா உருண்டு வந்துச்சே, கண்ணால பாத்தேன். பிள்ளை வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல, இப்படியா மருந்து வைப்ப?"

மூக்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சினேகாவின் பாவாடைகளையும் பால் குடிக்கிற தம்ளரையும் எடுத்து வந்து மாடத்தி கையில் கொடுத்தாள்.

"எம் வயித்துல பிள்ளையில்லங்கிறதுக்காக எங் கையில வெசம் இருக்கும்னு நெனச்சிட்டியே, மாடத்தி" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு பேரும் ஒருவர் வந்தால் மற்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இனிமேல் என் கையால் தவிர யார் கையாலும் பிள்ளை ஒரு வாய் தின்னக்கூடாது என்று மாடத்தி சட்டம் போட்டாள். காலையில் வேனுக்குப் போகும் முன் அவளே ஊட்டினாள். மத்தியானத்துக்குப் பிசைந்து வைத்துவிட்டுப் போனாள். பகலில் பிள்ளை தூங்குகிற அப்பன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெரியம்மா வீட்டுக்குப் போகணும் என்று அழுதது. அந்த அழுகையை முனியராஜ் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் மருந்து இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று மாடத்திக்குப் பயம் கூடியது. சமாதானப்படுத்தச் சாயங்காலம் முன்னைவிடக் கூடுதலாகக் காராச்சேவு முடிந்து வந்தாள். வந்த சேலையோடேயே பிள்ளையை மடியில் போட்டு இருட்டுகிறவரை ஆட்டினாள். முந்தானையால் மூடிப் படுக்கவைத்தாள். அந்த நாட்களில் அவள் மகளைக் கொஞ்சியதுபோல அதற்கு முன்னால் கொஞ்சியதே இல்லை.

ஆடி பிறந்ததும் ஒரு காலையில் சினேகாவுக்குக் கண் மேலே சொருகிக் கைகால் வெட்டி இழுத்தது. முனியராஜ் அப்போதுதான் லோடு முடித்து வந்திருந்தான். ஆட்டோவைப் பிடித்து விருதுநகருக்கு ஓடினார்கள்.

குழந்தைகள் டாக்டர் ஸ்ரீமதி இழுப்பை நிறுத்தினாள். பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள். ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினாள். முடிவு வருகிறவரை அங்கேயே இருக்கச் சொன்னாள். அத்தனை நாளும் மாடத்தி கட்டிலடியில் தரையில் கிடந்தாள். ஓடி வந்த அவசரத்தில், விடிந்ததும் வேலைக்குப் போகக் கட்டியிருந்த சேலையோடேயே வந்திருந்தாள்.

முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்தாள்.

"பிள்ளை உடம்புக்குள்ள விஷம் போயிருக்கும்மா. ஈயம். ஒரே நாள்ல போனதில்ல. கொஞ்சம் கொஞ்சமா, சாப்பாட்டோட சேர்ந்து பல மாசமாப் போயிருக்கு."

மாடத்திக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் வந்தது உண்மை. நான் சொன்னேன்ல என்பதுபோல முனியராஜைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஓரகத்தி வச்ச மருந்துதான் டாக்டரம்மா. எடுத்தாச்சு. மிச்சம் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு போல" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன மருந்து என்று கேட்டாள். மாடத்தி ஒன்றுவிடாமல் சொன்னாள், சிரட்டையில் விழுந்த உருண்டை வரைக்கும். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ என்ன வேலைம்மா பார்க்கிறே என்றாள்.

"மருந்து வேலை" என்றாள் மாடத்தி.

டாக்டர் என்ன மருந்து, என்ன நிறம் என்று விசாரித்தாள். கையைக் காட்டச் சொன்னாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரிக் குழாயில் எத்தனை தடவை கழுவியும் போகாத சிவப்பு. வேலை விட்டு வந்ததும் பிள்ளைக்குத் திங்க என்ன கொடுப்பாய் என்று டாக்டர் கேட்டாள். காராச்சேவு என்றாள் மாடத்தி. எதில் கொண்டு வருவாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முந்தியைக் கையில் எடுத்தவள் எடுத்தபடியே இருந்தாள். முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருங்கிய இடம், எச்சில் பட்டு வெளுத்த நுனி, அதற்கு மேலே மங்கலாக அதே சிவப்பு. முனியராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் விளக்கமாகச் சொன்னாள். அந்தச் சிவப்புப் பொடியே ஈயம்தான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப்போலத்தான் உடம்பும் என்றாள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டால் ஈயத்துக்கு உட்கார இடம் குறைவு, நின்று பார்த்துவிட்டு ஓரளவுக்காவது மூத்திரத்தோடு இறங்கிப்போகும். இடம் காலியாகக் கிடந்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எலும்பில் உட்கார்ந்தது வருஷக்கணக்கில் எழுந்திருக்காது. இந்தப் பிள்ளைக்கு அளவு ரொம்ப ஏறிவிட்டது, மதுரையில் ஊசி போட்டுத்தான் இழுத்து வெளியேற்ற வேண்டும் என்றாள்.

"முன்னால பகல்ல பிள்ளைக்கு என்ன சாப்பாடு? யாரு பாத்துக்கிட்டது?"

"கூழு, கீரை, ஆட்டுப்பாலு. மத்தியானம் குளிப்பாட்டவும் செய்வாக. எல்லாம் எங்க ஓரகத்திதான்" என்றாள் மாடத்தி.

"அவங்க சாப்பாடும், தினம் குளிப்பாட்டுனதுந்தான் இம்புட்டு நாள் தாங்கிப் பிடிச்சிருக்கு. அது நின்ன பிறகுதான் இப்படித் திடீர்னு ஏறியிருக்கு" என்றாள் டாக்டர். அவள் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. கேள்வி கேட்டதற்குக் கிடைத்த பதிலை வைத்துச் சொன்னாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் சினேகாவுக்கு ஊசி போட்டார்கள். பிள்ளை பெய்யும் மூத்திரத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். மாடத்தி அந்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கறுப்பாகவோ சிவப்பாகவோ ஏதாவது தெரிந்தால் மனசு ஆறும் என்றிருந்தது அவளுக்கு. ஒன்றும் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளுடையதையும் போல மஞ்சள் தண்ணீர்தான். சிரட்டையில் கண்ணுக்குத் தெரிய விழுந்த உருண்டை பொய், கண்ணுக்கே தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்த இதுதான் நிஜம் என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் ஏறியிருந்தது. அதைப் பற்றி டாக்டர்கள் சொன்னது எதுவும் அவள் காதில் நிற்கவில்லை.

அனுப்பும்போது ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொன்னார்கள். ஊசி எவ்வளவு இழுத்தாலும், மறுபடி உள்ளே போனால் பிரயோசனமில்லை. அந்தத் தூசி இருக்கிற வீட்டுக்கும், அந்த வேலை பார்க்கிற கைக்கும் பிள்ளை போகக்கூடாது. அடுத்த தடவை இழுப்பு வந்தால் மூளை தாங்காது.

பஸ்ஸில் வரும்போது முனியராஜ் வழக்கம்போல, நீ என்ன சொல்ற என்று கேட்டான். ஊரில் இறங்கியதும் மாடத்தி தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். குழாயடியில் தண்ணீர் வருகிற நேரம், அதே பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மாடத்தி நினைத்திருந்தால் பின்பக்கச் சந்து வழியாகப் போயிருக்கலாம். எல்லோரும் பார்க்க நடுத்தெருவில் போய் மூக்கம்மாள் வாசலில் நின்றாள். மூக்கம்மாள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா. மருந்து வச்சது நீங்க இல்ல. நாந்தேன் வச்சேன். எங் கையால நானே வச்சுட்டேங்க்கா."

தண்ணீர் பிடிப்பதை யாரோ நிறுத்தினார்கள். மாடத்தி இடுப்பில் இருந்த பிள்ளையை முன்னால் நீட்டி, டாக்டர் சொன்னதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னாள். மூக்கம்மாள் முழுவதையும் கேட்டாள். பிள்ளையின் குச்சிக் காலைப் பார்த்தாள், ஊசி போட்டு வீங்கிய கையைப் பார்த்தாள். மாடத்தி அழுதபடியே வாசல்படியில் காலெடுத்து வைத்தாள்.

"பிள்ளைய அங்கனயே எறக்கிவிடு. நீ உள்ள வராத" என்றாள் மூக்கம்மாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதால் சொன்னாளா, குழாயடியில் கேட்டது ஆறாததால் சொன்னாளா என்று மாடத்திக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமையும் தனக்கு இல்லை என்று நினைத்தாள். சினேகா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் மூக்கம்மாளின் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

சங்கரலிங்கத்திடம் போய்ச் சிவப்பு சேராத வேலையாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள் மாடத்தி. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, தீபாவளி முடியட்டும் பார்க்கலாம் என்றான் அவன். பக்கத்து ஆபீசிலும் கேட்டுப் பார்த்தாள், அங்கேயும் அதே தீபாவளிதான். காட்டு வேலைக்குப் போகலாமென்றால் மழை இல்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று தொடர்ந்து போய் வந்தாள். வீட்டுக்குள் நுழையும் முன் கொல்லையிலேயே குளித்து, வேலைச் சேலையைத் தனி வாளியில் ஊறப்போடப் பழகினாள். சாயங்கால டீக்கடையைக் கடக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவளைப் பார்த்து வள்ளித்தாயும் குளிக்க ஆரம்பித்தாள் என்பதுதான் அந்த வேனில் நடந்த ஒரே நல்ல காரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மகளைப் பார்க்கப் போவாள். மூக்கம்மாள் வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை, வா என்று சொன்னதும் இல்லை. பிள்ளை தேறி வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது, வயிற்று வலி நின்றது. பேச்சு மட்டும் பழையபடி முழுசாகத் திரும்பவில்லை, சில வார்த்தைகளுக்கு நின்று யோசிக்கும். அந்த யோசிக்கிற இடைவெளிதான் மாடத்தியை அறுத்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மாடத்தி தலைக்குக் குளித்து, ஆபீஸ் வாடையே படாத கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். சினேகா வாசலில் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தது. மாடத்தி குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை ஓடி வந்தது, ஒரு எட்டுத் தள்ளியே நின்றுகொண்டது.

"குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன்டா."

"நகத்தக் காட்டு."

மாடத்தி விரல்களை விரித்துக் காட்டினாள். சினேகா ஒவ்வொரு நகமாகத் தொட்டு, குனிந்து உற்றுப் பார்த்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டது.

"பெரியம்மா, நகத்துல செவப்பு இருக்கு. கொஞ்சூண்டுதான் இருக்கு. நான் அம்மாட்டப் போகவா?"

உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் மாடத்தி கையை மடக்கிப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.